யுத்தக் கதைகளும் நம் பிள்ளைகளும்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஐயா, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு யுத்தக் கதையா சொல்லவேண்டும்? அவர்கள் மனம் கலங்காதா?" என்று கேட்டார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவர்களுடைய மகன் ஆலய முற்றத்தில் அமர்ந்து, கைப்பேசியில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்திக்கொண்டிருந்தான்.

யுத்தம் ஏற்கெனவே நம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. அந்த விளையாட்டில் விழுகிறவனுக்குப் பெயர் இல்லை. அவனுக்காக அழத் தாயும் இல்லை. ஆகவே எத்தகைய யுத்தக் கதையை நாம் அவர்களுக்குக் கொடுக்கிறோம் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா வெங்கட்ராமன், கடலியல் ஆய்வாளராயிருந்து எழுத்தாளரானவர். அவர் இளையோருக்காக ஆங்கிலத்தில் எழுதிய 'கிளைம்பிங் த ஸ்டேர்ஸ்' என்னும் நாவல் 2008-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்துக் கதை அது. பம்பாயில் வாழும் 15 வயது வித்யா, ஆர்வ மிகுதியால் விடுதலைப் போராட்ட ஊர்வலம் ஒன்றில் சேர்ந்துகொள்கிறாள். அங்கே, அகிம்சையை நம்பிய மருத்துவரான அவள் தந்தை தலையில் அடிபட்டு, சிந்திக்கும் ஆற்றலையே இழந்துபோகிறார். குடும்பம் சென்னையில் தாத்தாவின் வீட்டில் அடைக்கலம் புகுகிறது. 'என்னால்தானே அப்பாவுக்கு இப்படி ஆயிற்று' என்ற குற்றவுணர்வு அச்சிறுமியை வாட்டுகிறது. அண்ணன் கிட்டாவோ, தகப்பனை வீழ்த்திய அதே அரசின் படையில் சேரத் துணிகிறான். உலகை மிரட்டும் பெரிய தீமையை எதிர்ப்பது கடமை என்பது அவன் மனச்சாட்சி. வாசிக்கும் பிள்ளைக்கு இங்கே எளிதான தீர்ப்பு கிடைப்பதில்லை. அதுவே இக்கதையின் நேர்மை என்பேன்.

அந்த யுத்தம் நம் கரைக்குத் தூரமானதும் அல்ல. 1942 ஏப்ரல் 5, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் குண்டு வீசின. தூத்துக்குடித் தோணிகள் சரக்கேற்றிச் சென்ற பட்டணம் அது. அம்மாதமே சென்னையிலிருந்து மக்கள் திரளாக வெளியேறினர். அன்று சிறுபிள்ளைகளாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தொடுகிறார்கள். அவர்களிடம் நாம் என்றேனும் கேட்டதுண்டா?

வேதமும் யுத்தத்தைப் பிள்ளைகளுக்கு மறைக்கவில்லை. 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட ஒரு சிறுபெண் நாகமானின் வீட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய பெயரும் எழுதப்படவில்லை. அவள் பெற்றோர் என்ன ஆனார்கள் என்பதும் தெரியாது. ஆயினும் தன்னைச் சிறையாக்கிய தேசத்துப் படைத்தலைவன் குஷ்டம் நீங்கிச் சுகமடைய விரும்பியவள் அவளே. படைகளின் வெற்றியை மட்டும் எழுதும் சரித்திரத்தில் அவளுக்கு இடமிருக்காது.

அந்தத் தாயாரின் அச்சத்தை நான் அசட்டை செய்யவில்லை. வயதுக்கேற்ற கதையைத் தெரிந்தெடுப்பது நம் கடமை. பிள்ளையைக் கதையோடு தனியே விட்டுவிடாமல் அருகில் அமர்ந்து வாசிப்போம்; அது அழுதால் காரணம் கேட்போம். பிறர் துயருக்காகக் கலங்கும் மனம் நோயுற்ற மனமல்ல. எருசலேமைப் பார்த்துக் கண்ணீர்விட்ட நம் ஆண்டவரின் மனமும் அதுவே.

இவ்வாரம் ஒரு மாலையாவது கைப்பேசியை எடுத்துவைத்துவிட்டு, வீட்டிலுள்ள முதியவரின் அருகில் உங்கள் பிள்ளையை அமரச்செய்யுங்கள். அவர் கண்ட துயரத்தை அவர் வாயாலேயே அது கேட்கட்டும்.

சமாதானத்தின் தேவன் நம் பிள்ளைகளின் இருதயங்களைக் காப்பாராக. ஆமென்.