ஸ்டாக்ஹோமுக்கு இரண்டரை நாள், மதுரைக்கு மூன்றே கால் மணி நேரம்

முதலில் ஒரு எக்செல் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியம்மா மகள் (எனக்கு அக்கா) போன வருடம் மச்சானோடு பால்டிக் கடலில் கப்பல் சுற்றுலா போய் வந்தார். கப்பல் புறப்படும் ஊர் ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோம். ஞாயிறு மாலை கப்பல். இவர்கள் வெள்ளிக்கிழமை காலையே போய் இறங்கிவிட்டார்கள். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது, அதனால் முன்கூட்டியே போய்விட வேண்டும். போனதும் போனோம், ஊரையும் ஆற அமரப் பார்த்துவிட வேண்டும் என்பது கணக்கு. அந்தத் தாளை எனக்கும் அனுப்பியிருந்தார். கலர் கலராகப் பிரித்து, பழைய நகரமான காம்லா ஸ்டானுக்கு அரை நாள், வாசா அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம், நகர மண்டபம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் சாப்பிட்டுவிட்டு எங்கே நடக்கலாம்... கப்பல் நகரத்துக்குள்ளேயே இருக்கும் துறையிலிருந்து கிளம்புகிறதா, அல்லது தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நீனஸ்ஹாமிலிருந்தா என்பதற்குக்கூடத் தனி வரி. பார்த்து அசந்துபோனேன். பி.காம். படிக்கிற எனக்கே இப்படி ஒரு தாள் போட வராது.

அதே அக்கா, அதே மச்சான், இந்த ஜனவரியில் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு தமிழ்நாடு வந்தார்கள். திருச்சியில் இறங்கி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேக்கேஜ். அதில் மதுரைக்கு இருந்தது ஒரே வரி: "மதுரை - கோயில் தரிசனம், மதிய உணவு, ராமேஸ்வரம் புறப்பாடு."

பெரியம்மா மதுரையில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. வயது எழுபத்தொன்று. கடைசியாக ஊருக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்ப வேண்டிய வேன் ஒன்பதேகாலுக்குக் கிளம்பியது. மதுரைக்குள் வந்து வண்டியை நிறுத்தும்போது மணி 11.50. அங்கிருந்து நடை. செருப்பு விட ஒரு இடம், செல்போன் கொடுக்க ஒரு வரிசை. (2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எட்டுப் பேர் எட்டு போனைக் கொடுத்து டோக்கன் வாங்க நேரம் ஆகும் என்பதை யாராவது கணக்கில் வைக்க வேண்டாமா?) அப்புறம் பரிசோதனை வரிசை. பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனது. கம்பத்தடிக்குப் போவதற்குள் நடை சாத்தியாயிற்று.

மீனாட்சியம்மன் கோயில் பகல் 12.30க்கு நடை சாத்தி மறுபடி 4 மணிக்குத் திறக்கும். இது ராணுவ ரகசியமா? கீழவாசலில் டீ ஆற்றும் அண்ணனைக் கேட்டால் ஆற்றுவதை நிறுத்தாமலே சொல்வார். பேக்கேஜ் போட்டு விற்கிறவருக்குத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன். தெரியும். தெரிந்தும், நடை சாத்துகிற நேரத்துக்கு ஒட்டி ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். திருச்சிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்த ஒரு இடம் தேவை, அவ்வளவுதான் மதுரை.

சரி, நாலு மணி வரை இருந்துவிட்டுப் போகலாமே என்று நான் கேட்டேன். ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். இரவுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம், அப்புறம் இருபத்திரண்டு தீர்த்தம். டிரைவர் அண்ணனைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் கையில் இருந்த தாளில் மூன்று மணி என்று போட்டிருந்தது. நடுவில் திருமலை நாயக்கர் மகாலில் இருபது நிமிடம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். 3.05க்கு வேன் கிளம்பிவிட்டது. இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் நின்றிருந்தால் கதவு திறந்திருக்கும்!

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா" என்றார் அக்கா. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அஷ்டசக்தி மண்டபத்துக்கு எதிரே இரண்டு முழம் மல்லி வாங்கினார். அதில் ஒரு முழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கையிலேயே வைத்திருந்தார். வேனில் ஏறும்போது என்னிடம், "ராத்திரி சாமி பல்லக்குல வருவாரேய்யா, இப்பவும் உண்டா?" என்று கேட்டார். "உண்டு பெரியம்மா, தினமும் உண்டு" என்றேன். "தினமுமா" என்றார்.

நிற்க. இதில் அக்காவை மட்டும் திட்டிப் பயனில்லை. ஸ்டாக்ஹோமுக்கு இரண்டரை நாள் தேவை என்று அவருக்கு யார் சொன்னது? அந்த ஊர்க்காரர்கள்தான். மதுரைக்கு அரை நாள் போதும் என்று யார் சொன்னது? அதையும் ஊர்க்காரர்களாகிய நாம்தான். வெளியூர் நண்பன் வந்தால் நம் வாயில் வருவது என்ன? "கோயிலைப் பாரு, ஜிகர்தண்டா குடி, வேற என்ன இருக்கு இங்க." இதை நானே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்டாக்ஹோமில் அக்கா மூன்று மணி நேரம் ஒதுக்கிய வாசா என்பது என்ன தெரியுமா? ஒரு தோற்றுப்போன கப்பல். 1628 ஆகஸ்டில் முதல் பயணம் கிளம்பி, ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் ஊர் பார்க்கக் கவிழ்ந்த போர்க்கப்பல். 333 வருடம் தண்ணீருக்கடியில் கிடந்ததை 1961ல் தூக்கினார்கள். அதற்கென்றே ஒரு கட்டடம் கட்டி 1990ல் திறந்தார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் மூழ்கிய செலவு என்று ஒரு பாடம் உண்டு. போன காசு போனதுதான், அதை நினைத்து இனி முடிவெடுக்காதே என்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே மூழ்கிய ஒன்றை எடுத்துவைத்து இன்றைக்கும் வருமானம் பார்க்கிறார்கள் :-)

அந்தக் கப்பல் மூழ்கியபோது இங்கே திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. எட்டு வருடம் கழித்து, 1636ல், மகாலைக் கட்டினார். இன்று நாம் பார்ப்பது முழு அரண்மனையில் ஒரு பகுதிதான். மிச்சமிருக்கிற அந்தத் தூண்களே ஒருவர் கைக்குள் அடங்காது. அதற்கு நாம் கொடுத்தது இருபது நிமிடம். அதிலும் பத்து நிமிடம் குரூப் போட்டோ.

இந்த ஊர் தங்கிப் போகிறவர்களுக்காகவே இருந்த ஊர். ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் எதற்கு இருக்கிறது? 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள், வழிப்போக்கர்கள் தங்கிப்போகக் கட்டியது அது. கப்பல் ஏறுகிறவர்களும் இந்த வழியாகத்தான் போனார்கள். 1914க்கு முன்பு சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்கள் மதுரை வழியாக ரயிலில் தூத்துக்குடி போய்க் கொழும்புக் கப்பலைப் பிடித்தார்கள். 1914ல் பாம்பன் பாலம் வந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போயிற்று, கப்பலும் போயிற்று. அன்றைக்காவது கரையில் ஒரு கப்பல் காத்திருந்தது, அவசரத்துக்கு அர்த்தம் இருந்தது. இன்றைக்கு ராமேஸ்வரத்தில் நமக்காக எந்தக் கப்பல் சங்கு ஊதுகிறது? ராமநாதசுவாமி நாளைக்கும் அங்கேதான் இருப்பார். பின்னே எதற்குக் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடுகிறோம்?

ஒன்றரை நாள். நான் கேட்பது அவ்வளவுதான். பகல் இரண்டு மணிக்கு வந்து இறங்குங்கள், கோயில் சாத்தியிருக்கும், பரவாயில்லை. மகாலை நிதானமாகப் பாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு கோயிலுக்குள் போங்கள். வெளியே வந்து சும்மா நடங்கள். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று தமிழ் மாதங்களின் பெயரிலேயே கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். ஊரின் வரைபடமே ஒரு பஞ்சாங்கம். மேல மாசி வீதியில் ஒரு வீடு இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 காலை காந்தி சட்டையைத் துறந்து அரையாடையோடு வெளியே வந்த வீடு. கடைக்குப் போகும் வழியில் அதைத் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? எனக்கே கல்லூரி வந்த பிறகுதான் தெரியும்.

அப்புறம் ராத்திரி. ஒன்பது மணி வாக்கில் சுவாமி சன்னதியிலிருந்து சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் கிளம்பும். மேளம், சாமரம், சாம்பிராணிப் புகை. அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு வந்து சேரும். கூட்டம் குறைந்த பிரகாரத்தில் அந்தச் சத்தம் கல்லில் பட்டுத் திரும்பி வரும். வருடம் ஒருமுறை நடக்கும் திருவிழா அல்ல இது. தினம் நடக்கிறது. ஆனால் ராத்திரி ஊரில் இருக்கிறவனுக்குத்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பேக்கேஜ்காரர்கள் ராமேஸ்வரம் லாட்ஜில் ஏசி வேலை செய்யவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலை தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியகம். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யாரும் சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. பிறகு கீழடி. இதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிற விஷயம். 2015ல் அகழாய்வு தொடங்கிய இடம், கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019ல் அறிக்கை விட்டது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தாயிற்று. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர். அதுவும் ராமேஸ்வரம் போகும் பக்கத்திலேயே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. அக்காவின் வேன் அந்தத் திருப்பத்தைத் தாண்டித்தான் போனது! உள்ளே இருந்தவர்கள் தூங்கியிருப்பார்கள்.

"லீவு இல்லைடா, ஹோட்டல் செலவு வேற" என்றார் மச்சான் போனில். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு இரவு, மூன்று அறை, காசுதான். ஆனால் பெரியம்மாவின் விமான டிக்கெட்டை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர் கடல் தாண்டி வந்தது பெரும்பாலும் இந்தக் கோயிலுக்காக. அந்த ஒரு இரவை மிச்சம் பிடித்ததில் பயணச் செலவில் பாதி வீணாயிற்று. நானும் கணக்குப் படிக்கிறவன்தான், மச்சான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்று மணி நேரம் நின்று போகிற வேன் இந்த ஊருக்கு என்ன கொடுக்கிறது? பார்க்கிங் காசு, தண்ணீர் பாட்டில், ஒரு சாப்பாடு. ஒரு ராத்திரி தங்கினால் ஆட்டோக்காரர், இட்லிக் கடை அக்கா, பூக்காரம்மா, சுங்குடிச் சேலைக் கடை, விடிந்ததும் பதநீர் விற்கிறவர் வரை போகும்.

ஊருக்கும் கொஞ்சம் உறைக்கட்டும். தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறோம். எழுபது வயசுக்காரர் கோயிலைச் சுற்றி ஒரு சுத்தமான கழிப்பறை தேடி எவ்வளவு நடக்க வேண்டும்? நடைபாதையில் நடக்க முடிகிறதா, அல்லது பைக் நிறுத்தத்தான் அது கட்டப்பட்டதா? 12.30க்கு நடை சாத்தும் என்று வண்டி நிறுத்துமிடத்திலேயே கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெரிய பலகை வைத்தால் எத்தனை பேர் ஓட்டமும் நடையுமாக வந்து ஏமாறாமல் இருப்பார்கள்? தங்குங்கள் என்று சொல்கிற ஊர், தங்குகிறவர்களுக்கு வசதி செய்து வைத்திருக்க வேண்டாமா?

போன வாரம் நான் ஒரு எக்செல் தாள் போட்டு அக்காவுக்கு அனுப்பினேன். அவர் பாணியிலேயே, கலர் கலராக. முதல் வரி சிவப்பில்: பகல் 12.30 முதல் 4.00 வரை நடை சாத்தியிருக்கும். இரவு 9 மணிக்குப் பல்லக்கு, பச்சையில். முடிவாகாதவை எல்லாம் மஞ்சளில்.

நேற்று பதில் வந்தது. பெரியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்கு முன்னால் ஒரு தடவை கூட்டிவரப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார். தாளைத் திறந்து பார்த்தேன். "மதுரையில் ஒரு இரவு" என்ற கட்டம் இன்னும் மஞ்சளில்தான் இருக்கிறது.