வால்வு ஸ்பிரிங் விறைப்பானால் தண்ணீர் கூடுமா?

கேள்வி: 'ஐயா, எங்கள் கிணற்றில் 5 குதிரைத்திறன், 1,500 சுற்று டீசல் இன்ஜின் வைத்துக் கார் நெல்லுக்குத் தண்ணீர் இறைக்கிறோம். எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங் உடைந்துவிட்டது. இன்னும் விறைப்பான ஸ்பிரிங்காகப் போட்டு, வேகத்தை 1,800 சுற்றுக்கு ஏற்றினால் தண்ணீர் கூடுதலாகக் கொட்டும் என்கிறார் மெக்கானிக். கோவையில் படிக்கும் என் மகன், ரேஸ் வண்டியில் ஒரு வால்வுக்கு இரண்டு ஸ்பிரிங் இருக்கும், நாமும் போடலாம் என்கிறான். போடலாமா?'
- வாசகர், குத்துக்கல்வலசை, தென்காசி மாவட்டம்.

பதில்: இரண்டுமே வேண்டாம். நான் படித்தது பயிர்ப் படிப்புதான். ஆனாலும் முப்பது வருடமாக வயலுக்குப் போனால் பாதி நேரம் இன்ஜின் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வால்வைத் திறப்பது கேம். மூடுவது ஸ்பிரிங். உங்கள் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வால்வு திறந்து மூடுகிறது. அதாவது நிமிடத்துக்கு 750 முறை. வேகம் கூடக் கூட, கேம் இறங்கும் வேகத்துக்கு வால்வு இறங்காமல் அந்தரத்தில் நிற்கப் பார்க்கும். அப்போது பிஸ்டன் மேலே வந்தால் வால்வில் முட்டும். அதைத் தடுக்கத்தான் ரேஸ் இன்ஜினில் விறைப்பான ஸ்பிரிங்கும், ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ஸ்பிரிங்கும் வைக்கிறார்கள். சிக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுற்றியிருப்பார்கள். ஆகவே உங்கள் மகன் சொன்னது பொய்யில்லை. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் வண்டிகளுக்கு அது தேவை. 1986-ல் ரெனோ நிறுவனம் ஃபார்முலா ஒன் இன்ஜினில் ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு அழுத்தக் காற்றை வைத்தது. அவ்வளவு வேகம் அவர்களுக்கு. நம் இன்ஜின் 1,500-ல் நிற்கிறது. கம்பெனி கொடுத்த ஸ்பிரிங் அதற்குப் போதும்.

ஸ்பிரிங் எந்தச் சக்தியையும் உண்டாக்குவதில்லை. தேவைக்கு மேல் விறைப்பாகப் போட்டால் கேம், டேப்பட், ராக்கர் எல்லாம் தேயும். புஷ் ராட் வளையும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். அதைத் திருகி 1,800-க்கு ஏற்றினால் என்ன ஆகும்? பம்பின் கணக்குப்படி, வேகம் 1.2 மடங்கானால் தண்ணீரும் ஏறக்குறைய 1.2 மடங்குதான். ஆனால் பம்பு கேட்கும் சக்தி 1.73 மடங்கு. 5 குதிரைத்திறனை முழுதாக இழுக்கும் பம்பு எட்டரைக்கு மேல் கேட்கும். இன்ஜின் கரும்புகை கக்கும். டீசல் செலவு உங்கள் தலையில்.

இனி, புது ஸ்பிரிங் வாங்குவது பற்றி. உங்கள் இன்ஜின் மாடல் எண்ணைச் சொல்லி அதே ஸ்பிரிங்கைக் கேளுங்கள். இரண்டு வால்வுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று உடைந்தால் மற்றதற்கும் அதே வயதுதானே. கம்பியின் கனம், சுருள் எண்ணிக்கை, மொத்த உயரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கண்ணாடிப் பலகையில் நிறுத்தி, மூலைமட்டத்தை ஒட்டிவைத்துச் சுற்றிப் பாருங்கள். சாய்ந்து நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாய்ந்த ஸ்பிரிங் வால்வுத் தண்டை ஒரு பக்கமாகவே தேய்க்கும். இரண்டு வால்வுக்கும் ஒரே அளவு ஸ்பிரிங்தான் என்றால், உடையாத பழையதையும் புதியதையும் நடுவில் தகடு வைத்து வைஸில் சேர்த்து மெல்ல இறுக்குங்கள். எது அதிகம் அமுங்குகிறதோ அது தளர்ந்தது.

பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். என் பெரியப்பா இன்ஜினில் ஒரு பட்டறையில் அப்படித்தான் செய்து கொடுத்தார்கள். பதினைந்தாம் நாள் ஸ்பிரிங் முறிந்து, வால்வு உள்ளே விழுந்து, பிஸ்டனில் ஓட்டை. நெல் பூக்கும் நேரம். வாடகை இன்ஜின் கிடைப்பதற்குள் பாதி வயல் பதராகிவிட்டது.

ஸ்பிரிங் உடைந்திருப்பதால் ஹெட்டைக் கழற்றியே பாருங்கள். பிஸ்டன் தலையில் தட்டிய அடையாளம் உண்டா, வால்வுத் தண்டு வளைந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். வால்வைச் சீட்டில் கிரைண்டிங் செய்தால் வால்வு சற்று உள்ளே இறங்கி, தண்டு மேலே நீளும். அப்போது ஸ்பிரிங் உட்காரும் உயரம் கூடி அதன் பிடி குறையும். கூடிய அளவுக்கு மட்டும் அடியில் வாஷர் வையுங்கள். அதிகமாக வைத்தால் வால்வு முழுதாகத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, ஏதாவது ஒன்று உடையும். கையால் மெல்லச் சுற்றி, முழுத் திறப்பில் சுருள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும்போது முகத்தை நேரே நீட்ட வேண்டாம். லாக் தெறித்தால் கண் போய்விடும். மாட்டிய பிறகு, பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சத்தில் இருக்கையில், இன்ஜின் புத்தகத்தில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

ஸ்பிரிங் பெரும்பாலும் துருப்பிடித்த புள்ளியிலிருந்துதான் முறியும். குறடால் கடித்த வடுவும் அப்படியே. கரண்ட் மோட்டாரை நம்பி மாதக்கணக்கில் இன்ஜினைச் சும்மா வைப்பவர்கள், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்குச் சுற்றி நிறுத்துங்கள். உள்ளே ஈரம் போகாது. ஸ்பிரிங்கும் அமுங்கிக் கிடக்காது.

உங்கள் உண்மையான குறை ஸ்பிரிங் அல்ல, தண்ணீர் என்று தோன்றுகிறது. குற்றாலத்தில் சாரல் தள்ளிப்போகும் வருடங்களில் கிணறுகள் இறங்கிவிடும். பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 6 மீட்டருக்கு மேல் போனால் எந்த வேகத்தில் ஓட்டினாலும் உறிஞ்சத் திணறும். பம்பைக் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்க முடியுமா பாருங்கள். ஃபுட் வால்வில் குப்பை, உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று, பெல்ட் வழுக்கல் மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, பம்பு மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி என்று அளந்து, குழாய் விட்டத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் மீதியைப் பார்ப்போம்.