விடுப்பை யார் தருவது?

"பிளஸ் டூ போதும், வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்சிங்" என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள் தோழர்களே. அந்தப் பட்டம் செல்லாது. இக்னோ நடத்திவரும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் வேறு. டிப்ளமோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கானது அது. நுழைவுத் தேர்வும் உண்டு.

நான்காண்டுப் பட்டப்படிப்புக்கு வழியில்லாமல் டிப்ளமோவோடு நின்ற சேரிப் பெண்களுக்கு இது முக்கியமான வாய்ப்பு. ஆனால் அனுபவச் சான்றிதழைத் தர வேண்டியது மருத்துவமனை நிர்வாகம். செய்முறைப் பயிற்சிக்கு நேரில் போக விடுப்பு தர வேண்டியதும் அதுவே. அசல் சான்றிதழ்களையே பிடித்து வைத்துக்கொள்கிற நிர்வாகம் விடுப்பா தரும்? இழக்கும் சம்பளம், பஸ் காசு, தங்குமிடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இதெல்லாம் எந்தக் கட்டண அறிவிப்பிலும் இருக்காது.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். வேலைக்குப் போகும் பெண்ணின் மாதச் சம்பளம் 21,000 என்றால் அது மட்டுமே 2.52 லட்சம்! நைட் ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதித்ததே அவளுக்குத் தடையாகிறது.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இந்த வரம்பை உயர்த்த வேண்டும். சம்பளத்தோடு கூடிய படிப்பு விடுப்பைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.