எஞ்சிய உப்பு யார் பொறுப்பு?

ஆற்றிலிருந்து நீரை எடுத்துப் பயன்படுத்துவோர், அதனைத் தூய்மை குன்றாமல் திருப்பித் தரவும், அது இயலாதெனில் அதன் அழுக்கைத் தம் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர்கள். 1996-ஆம் ஆண்டில், வேலூர்ப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உரைத்தபோது, இந்த அறம் நாட்டின் சட்டமாகவும் நிலைபெற்றது. ஆயினும், சட்டமாகிவிட்ட ஓர் அறம் ஆற்றங்கரைவரை வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதற்கு நொய்யலே சான்று.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் அந்த ஆற்றின் துயரம் உப்பினால் விளைந்தது. திருப்பூரின் சாயப்பட்டறைகளில், பருத்தியில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். ஆனால் சாயம் இழையில் தங்க, உப்போ இழையில் தங்காமல் கழிவுநீரோடு முழுமையாக வெளியேறிவிடும். நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மை செய்யும் வழக்கமான முறைகள் கரிமக் கழிவைக் குறைக்குமேயன்றி உப்பைத் தொடுவதில்லை. பாசனத்துக்கென எழுப்பப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. எந்த உழவர்களுக்காக அது கட்டப்பட்டதோ, அவர்களே நீதிமன்றத்தின் வாயிலில் நின்றார்கள்.

உப்பை நீரிலிருந்து பிரிக்கும் வழியை அறிவியல் அதற்கு வெகுகாலம் முன்னரே கண்டிருந்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றி, நீரைக் கடக்கவிட்டு உப்பைத் தடுக்கும் சவ்வொன்றை உருவாக்கினார்கள். பருத்தி இழையும் செல்லுலோஸே. எந்தப் பொருளுக்குச் சாயமேற்றி ஓர் ஆற்றைக் கெடுத்தோமோ, அந்தப் பொருளின் மாற்றுருவே நீரை மீட்கும் கருவியாக முதலில் அமைந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் இம்முறையில் குடிநீர் பெற்றது. பின்னர் வந்த பாலிஅமைடு சவ்வுகளில், உப்பைத் தடுக்கும் படலம் தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கினும் மெல்லியது. அழுத்தத்தோடு செலுத்தப்படும் நீர் அதனூடே கடக்க, உப்பு ஏறத்தாழ முழுவதும் இப்புறமே நின்றுவிடுகிறது.

இப்புறம் நிற்பது எங்கே போகிறது என்பதே எம் கேள்வி. சவ்வு பிரிக்குமேயன்றி அழிக்காது. கழிவுநீரில் பெரும்பங்கு நன்னீராக மீண்டாலும், எஞ்சிய சிறுபங்கில் உப்பனைத்தும் செறிந்து கிடக்கிறது. அதனைக் காய்ச்சி ஆவியாக்க எரிபொருளும் பெரும்பொருட்செலவும் வேண்டும். நொய்யல் உழவர்களின் வழக்கில் 2006-ஆம் ஆண்டில் பிறந்த நீதிமன்ற ஆணைக்குப் பின்னர்ச் சவ்வுகள் பொருத்தப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும், இந்த இறுதிப் பகுதியே முழுமை பெறாமல் கிடந்தது. அதன் விளைவாகவே, 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றமிழைக்காத பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்து தவித்த அந்நாள்களை எவரும் மறந்திருக்க முடியாது.

அதன்பின் அவ்வூர் அடைந்த முன்னேற்றம் பெரிது; நீர் மீட்கப்படுகிறது, உப்பின் ஒரு பகுதி மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கிறது. அந்த உழைப்பை மதிக்கிறோம். ஆனால் எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு கொட்டகைகளில் குவிகிறது. குளோரினால் சிதைந்தும் கசடு படிந்தும் ஆயுள் முடிந்த சவ்வுகளும் கழிவாகின்றன. ஆற்றில் கலந்த உப்பு நிலத்தில் குவிந்த உப்பாக மாறியதோடு கடமை தீர்ந்ததென்று கொள்வது, வேலூர் வழக்கு வகுத்த நெறிக்கே முரணானது.

ஆகவே, கலப்பு உப்புக்கும் பழைய சவ்வுகளுக்கும் கணக்குக் காட்டாத எந்த நிலையத்துக்கும் விரிவாக்க ஒப்புதல் வழங்கலாகாது. அக்கணக்கு ஆண்டுதோறும் கரையோர ஊர்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். திருப்பூர் ஆடையை வாங்கும் வெளிநாட்டு வணிகர்கள் இச்செலவில் தமக்குரிய பங்கை ஏற்குமாறு, அரசும் ஏற்றுமதியாளர்களும் ஒருங்கே நின்று கேட்க வேண்டும்.