குடிக்கூலிக்கு வந்தவர் கோலோச்சுவதா?

ஒரு நாட்டின் உயர்ந்த கட்டடங்களைக் கட்டியவர் யாவர் என்பதைவிட, அவற்றுள் குடியிருப்பவர் யாவர் என்பதே அந்நாட்டு மக்களின் உண்மை நிலையைக் காட்டும். மண் தமிழனுடையது, கல்லும் உழைப்பும் தமிழனுடையவை. ஆயினும் உள்ளிருந்து விலை சொல்பவன் எவனோ அவனே அவ்விடத்தின் தலைவன்.

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் 14 மாடிக் கட்டடத்தைத் தமிழர் அனைவரும் அறிவர். அதனை எழுப்பத் திட்டமிட்டவர், யுனைட்டெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தை நடத்திய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் என்னும் தமிழர். 1953-இல் பணி தொடங்கிற்று. 1954-இல் அவர் வானூர்தி நேர்ச்சியில் மறைந்தார். 1956-இல் நடுவணரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன்வயப்படுத்திற்று. 1959-இல் அக்கட்டடம் திறக்கப்பெற்றபோது அதனுள் குடியேறியது, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயுள் காப்பீட்டுக் கழகம். 2024 நவம்பரில் அக்கழகத்தின் இணையத்தள முகப்பு இந்தியில் தோன்றியதைத் தமிழகமே கண்டித்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. அக்கோளாறு தமிழில் நேராமல் இந்தியில் நேர்ந்தது ஏன் என்பதற்குத்தான் விளக்கமில்லை.

சென்னையில் தில்லி செய்ததைத் திருப்பூரில் அயல் வணிகம் செய்கின்றது. திருப்பூரில் வானளாவிகள் இல்லை. அவிநாசிச் சாலையிலும் பல்லடம் சாலையிலும் நிற்பவை சில மாடிக் கட்டடங்களே. அவற்றின் உரிமையாளருள் பலர் கொங்கு உழவர் குடியில் பிறந்து, பின்னலாடைத் தொழிலில் பாடுபட்டு உயர்ந்தவர்கள். அக்கட்டடங்களின் குளிரூட்டிய அறைகளிலோ, அயல்நாட்டுப் பேரங்காடிகளுக்கு ஆடை வாங்கித் தரும் கொள்முதல் முகவர்கள் குடிக்கூலிக்கு அமர்ந்துள்ளனர். இவர்களுக்கு ஒரு பின்னற்பொறி இல்லை. ஒரு தையற்பொறி இல்லை. ஆனால் துணியின் எடை, சாயத்தின் நிறம், ஒப்படைக்கும் நாள், ஆடையின் விலை ஆகிய அனைத்தும் அவர்கள் மேசையிலேயே முடிவாகின்றன. சரக்கு சில நாள் பிந்தினால், வானூர்தியில் அனுப்பும் செலவு தொழில் செய்பவன் தலையில் விழும். நூற்கடைக்கும் சாயப்பட்டறைக்கும் அவன் முன்னரே பணம் கட்டியாக வேண்டும். அவனுக்கு வரவேண்டிய பணமோ 60 நாளோ 90 நாளோ கழித்தே வரும். எங்கும் குடியிருப்பவன் கட்டடக்காரனுக்கு அஞ்சுவான். இங்கோ கட்டடக்காரன் குடியிருப்பவனுக்கு அஞ்சுகின்றான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை இதுவே!

இம்முகவருக்கும் மேலோர் உளர். நியூயார்க்கில் 1931-இல் திறக்கப்பெற்ற 102 மாடி எம்பயர் இசுடேட்டுக் கட்டடத்தில், 2011-இல் பெரும்பரப்பைக் குடிக்கூலிக்குப் பெற்றது ஆங்காங்கின் ‘இலீ அண்டு பங்’ நிறுவனம். சொந்த ஆலையின்றிப் பிறர் ஆலைகளில் ஆடை செய்வித்து உலகெங்கும் விற்றே வளர்ந்த நிறுவனம் அது. அத்தகைய மாடிகளிலிருந்து வரும் ஒரு மின்னஞ்சல் திருப்பூரில் ஆயிரம் அடுப்புகளை அணைக்கும். 2020-இல் கொள்ளை நோய் பரவியபோது, செய்து முடித்த சரக்கையே வேண்டாவென்றனர். 2025 ஆகத்து 27-இல் அமெரிக்க அரசு வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, அச்சுமையில் பங்கேற்குமாறு விலைக்குறைப்புக் கேட்டனர். நொய்யலாறு சாயக்கழிவால் கெட்டு, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பெற்றபோதும் ஆற்றைக் கெடுத்த பழி திருப்பூருக்கே. தூய்மைப்படுத்தும் செலவும் திருப்பூருக்கே. விலை மட்டும் அவர்கள் சொல்வது!

இத்தனையும் நடக்கும் மொழி எது? ஒப்பந்தம் ஆங்கிலம், தரச்சான்று ஆங்கிலம், தொழிலாளர் உரிமை பற்றிய ஆய்வறிக்கையும் ஆங்கிலம். யாருடைய உரிமை பற்றி எழுதப்பட்டதோ அவளுக்கு அதனைப் படிக்க இயலாது. பெயர்ப் பலகையில் தமிழே முதன்மையாக இருத்தல் வேண்டும் என்னும் விதி இருந்தும், எத்தனைப் பலகைகள் அதற்கு அடங்கி நிற்கின்றன?

ஒடியாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தையற்பொறிமுன் குனிந்திருக்கும் கூலியாளைப் பகைவனென்று காட்டிச் சினத்தைத் திசைதிருப்புவோர் உளர். அவன் மாடியில் இருப்பவன் அல்லன். தமிழ்த் தொழிலாளியோடு கீழ்த்தளத்தில் நசுங்குபவன்.

அயலார் வாங்காவிடில் தொழில் ஏது என்பர் சிலர். வணிகம் வேண்டாவென்று எவரும் கூறவில்லை. இடைநின்று ஆள்வதே வேண்டாவென்பது. உள்ளாடையைத் திருப்பூரார் தம் சொந்தப் பெயரிலேயே இந்தியா முழுதும் விற்கின்றனர். உள்நாட்டில் இயன்றது வெளிநாட்டில் இயலாதா? 1990 முதல் ஏற்றுமதியாளர்க்குச் சங்கம் உண்டு. ஒரே விலையை ஒருங்கு நின்று சொல்லவும், அயல்நாட்டு நகரங்களில் கூட்டாக விற்பனை நிலையம் அமைக்கவும் அவர்கள் முன்வருதல் வேண்டும். ஒப்பந்தங்களையும் ஆய்வறிக்கைகளையும் தமிழிலும் தருமாறு அரசு சட்டம் செய்தல் வேண்டும். தமிழ் முதலாளியும் ஒன்றை உணர்தல் வேண்டும்: மேலே குனிந்து, கீழே கூலியைக் குறைத்து ஈடுகட்டுபவன் எந்நாளும் நிமிர இயலாது.

அயலாட்சியை எதிர்த்துக் குமரன் 1932-இல் குருதி சிந்திய ஊர் திருப்பூர். அவ்வூரில் அயலாட்சி மாடிப்படியேறி மீண்டும் அமர்ந்துள்ளது. கட்டடம் தமிழனுடையதாயின் கட்டளையும் தமிழனுடையதாதல் வேண்டும். திருப்பூர்த் தமிழர் எழுக!