முதலில் எழுதி வை

"அக்கா, அந்தப் பிளக்குகிட்ட கால வைக்காதீங்க!"

ஒரு சனிக்கிழமை பிற்பகல். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சின்னப் பட்டறைக்கு என் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதன் பொத்தான் ஒன்று சிக்கிக்கொண்டது. எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் தம்பிதான் அங்கே வேலை செய்கிறான். உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்தவன். 1969இல் நம் ஈப்போவில் தொடங்கிய, நாட்டின் முதல் போலிடெக்னிக் அது.

கத்தியவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் கண் மேசை மேலிருந்த பெட்டியிலேயே இருந்தது. திரையில் ஒரு நீலக் கோடு நத்தை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. 34 விழுக்காடு. வெளியே வானம் கறுத்து, இடி உறுமத் தொடங்கியிருந்தது.

"என்னடா தம்பி, ஆப்ப்ரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு?"

"அதேதான்கா. இப்ப கரண்டு போனா பேஷண்டு போய்டும்."

அந்தப் பெட்டியின் விலை ஒரு புதுக் காரின் விலையைத் தாண்டும் என்று பிறகு சொன்னான். முதலாளி ஊரில் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஒரு தொழிற்சாலைக்காரர் தன் பொருள்களைச் சோதிக்கக் கொண்டுவருவார். கருவியின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் வேலையை முதன்முறையாக இவனிடம் தனியாக ஒப்படைத்திருக்கிறார்கள்.

ஃபர்ம்வேர் என்றால் கருவிக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள். உங்கள் வீட்டு வைஃபை பெட்டியிலும் தொலைக்காட்சியிலும் இருப்பது அதுதான். இந்தப் பெட்டியில் அதன் வேலை கொஞ்சம் அதிகம். மின்சமிக்ஞையின் அலையை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப், புதிய அலையை உருவாக்கி அனுப்பும் சிக்னல் ஜெனரேட்டர், வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர், எந்த அலைவரிசையில் எவ்வளவு பலம் என்று பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் எல்லாம் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருக்கின்றன. முன்பு மேசை முழுக்க நான்கு பெட்டிகள் வேண்டும்.

இந்தக் கருவிகளுக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் 1939இல் தொடங்கியபோது அதன் முதல் சரக்கே ஒலி அலைகளை உருவாக்கும் ஒரு சோதனைக் கருவிதான். 'ஃபேண்டேசியா' படத்துக்காக வால்ட் டிஸ்னியின் நிறுவனம் அதில் எட்டு வாங்கியது. அதே நிறுவனம் 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் கால் ஊன்றியது. அதன் அளவுக்கருவித் தொழில் பிறகு 1999இல் ஏஜிலென்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆனது. இன்றும் பினாங்கில் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள்.

ஆனால் இன்றைய பெட்டியின் குணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். 2010 வாக்கில் ரைகோல் நிறுவனத்தின் 50 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலோஸ்கோப் ஒன்றின் மென்பொருள் அடையாளத்தை மாற்றினால், அது 100 மெகாஹெர்ட்ஸ் கருவியாகிவிடுகிறது என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருந்த பாகங்கள் அதேதான். அதைச் செய்து பாருங்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு பெட்டி தன்னை யார் என்று நினைத்துக்கொள்கிறது என்பதே மென்பொருளின் கையில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அப்படியென்றால் மென்பொருளை மாற்றும்போது கருவியையே மாற்றுகிறோம். வெளிக்கூடு மட்டும் பழசு.

நீலக் கோடு 60ஐத் தாண்டியது.

"கரண்டு போனா ஏன்டா போய்டும்?"

"பழசை அழிச்சிட்டுத்தான்கா புதுசை எழுதும். பாதி எழுதும்போது நின்னா, பழசும் இல்ல, புதுசும் இல்ல. வெறும் செங்கல்." சில கருவிகளில் இரண்டு அறைகள் வைத்திருப்பார்களாம். ஒன்றில் பழையது பத்திரமாக இருக்க, மற்றொன்றில் புதியது ஏறும். தவறினால் பழைய அறைக்குத் திரும்பலாம். இந்தப் பெட்டியில் அந்த வசதி இல்லை. அதனால்தான் யூபிஎஸ் வழியாக மின்சாரம் கொடுத்திருந்தான். நான் மிதிக்கப் போனது அந்த யூபிஎஸ்ஸின் வயரை.

100. பெட்டி தானாக அணைந்து, சில விநாடிகள் கறுப்பாக இருந்து, மீண்டும் விழித்தது. தம்பி மூச்சு விட்டான். நான் கை தட்டினேன்.

"இன்னும் முடியலக்கா. இனிமேதான் வேலையே."

மேசை ஓரத்தில் இருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. அன்று காலையில் பழைய ஃபர்ம்வேர் இருந்தபோதே தேதி, நேரம், பதிப்பு எண், அறையின் வெப்பம் எல்லாவற்றையும் எழுதியிருந்தான். பிறகு, மதிப்பு உறுதியாகத் தெரிந்த ஒரு சமிக்ஞையைக் கொடுத்து, கருவி என்ன எண் காட்டியது என்பதையும் பத்து வரிசையில் குறித்திருந்தான். இப்போது அதே வயர், அதே சமிக்ஞை. எண்கள் மீண்டும் ஒவ்வொன்றாக வந்தன.

மூன்றாவது வரியில் அவன் முகம் மாறியது. காலையில் 1 வோல்ட். இப்போது 2 வோல்ட்.

இரண்டு மடங்கு! நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் பேசவில்லை. கொஞ்ச நேரம் நோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒரு பட்டியலைத் திறந்து, ஒரே ஒரு வரியைத் தொட்டு மாற்றினான். எண் 1க்கு இறங்கியது.

நடந்தது இதுதான். சமிக்ஞையை வாங்கும் வாயிலை 50 ஓம் என்றும் வைக்கலாம், 10 லட்சம் ஓம் என்றும் வைக்கலாம். அனுப்பும் கருவிக்குள்ளேயே ஒரு 50 ஓம் இருக்கிறது. வாங்கும் இடமும் 50 ஓம் என்றால் இரண்டும் வோல்ட்டைப் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளும். 10 லட்சம் ஓம் என்றால் ஏறக்குறைய முழுவதும் திரைக்கு வந்துவிடும். காலையில் 50 ஓமில் இருந்ததை, புதுப்பித்த பிறகு கருவி தன் பிறவி அமைப்பான 10 லட்சத்துக்குத் திருப்பிவிட்டது. கருவி பொய் சொல்லவில்லை. கேள்வி மாறியதால் பதில் மாறியது.

"அந்த நோட்டு இல்லாட்டி?" என்று கேட்டேன்.

"ரெண்டுதான் சரின்னு நெனச்சிருப்பேன்கா. திங்கட்கிழமை அந்தத் தொழிற்சாலைக்காரருக்கு நல்ல பொருளை எல்லாம் ஃபெயில்னு எழுதிக் கொடுத்திருப்பேன்."

எனக்கு அங்கேயே தொண்டை அடைத்தது. காரணம், நான் தூக்கிக்கொண்டு போயிருந்த ஒலிப்பதிவுக் கருவி.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாட்டியின் குரலைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். சிம்மோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். நிகழ்ச்சிக்காக இல்லை, எங்கள் வீட்டுக்காக. பாட்டி பேச ஆரம்பிக்கும் முன் கருவி "புதுப்பிக்கவா?" என்று கேட்டது. யோசிக்காமல் 'ஆம்' அழுத்தினேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பாட்டி 40 நிமிடம் பேசினார். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருந்த மகிழ்ச்சியில் நான் ஹெட்போன் மாட்டவில்லை. ஊடகம் படித்தவள், வானொலியில் சம்பளம் வாங்குகிறவள் செய்யக்கூடாத தப்பு அது. புதுப்பித்தபோது மைக் என்றிருந்த அமைப்பு வேறொன்றுக்குத் திரும்பியிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்டால், எங்கோ கிணற்றடியில் யாரோ முணுமுணுப்பது மாதிரி ஒரு சத்தம். கூட்டினால் வெறும் இரைச்சல். 'அப்புறம் போய் மறுபடி எடுக்கலாம்' என்று இருந்தேன். அடுத்த ஆண்டு பாட்டி இல்லை.

அந்த 40 நிமிடத்தில் பாட்டி சொன்ன ஒரு கதை எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் அதில் நானும் இருந்தேன்.

தோட்டத்தில் எவ்வளவு பால் கொண்டுவந்தாய் என்பது மட்டும் கணக்கல்ல. அந்தப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்பதும் கணக்கு. அதைப் பார்க்க மெட்ரோலாக் என்று ஒரு மிதவைக் கருவி உண்டு. தண்ணீர் சேர்த்த பாலில் அதை மிதக்கவிட்டால், எவ்வளவு அமிழ்கிறது என்பதை வைத்து கிராணி எண்ணைப் படிப்பார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கிராணி சொல்லும் எண்ணை வீடு வரும்வரை மனதில் வைத்திருந்து, ஒன்றாம் வகுப்புப் படித்த என்னிடம் சொல்லுவார். "முதல்ல எழுதி வை. அப்புறம் விளையாடப் போ." என் நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்கப் பாட்டியின் பால் கணக்கு.

ஒரு மாதம் எண் இறங்கியது. மழை இல்லை, மரமும் அதே மரம், பாலும் அதே அளவு. பாட்டி என் நோட்டை எடுத்துக்கொண்டு போய் கிராணி முன்னால் வைத்தார். கிராணி நல்ல மனிதர். அவரே புரட்டிப் பார்த்தார். எந்தத் தேதியில் எண் இறங்கியதோ, அதே தேதியில்தான் பழைய மிதவை உடைந்து புதியது வந்திருந்தது. பாலைக் காயவைத்து நிறுத்துப் பார்த்தார்கள். பழைய எண்கள்தான் சரி. விடுபட்ட காசு அடுத்த சம்பளத்தில் எல்லாருக்கும் சேர்ந்து வந்தது.

தம்பியின் நோட்டுக்கும் என் ஒன்றாம் வகுப்பு நோட்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. கருவி மாறும் நாளில், மாறுவதற்கு முன்பு அது என்ன சொன்னது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது இப்போது சொல்வதே வேதம் ஆகிவிடும்.

சோதனைக் கூடங்களுக்கு இது சட்டம் மாதிரி. ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற உலகத் தர விதி இருக்கிறது. நம் ஜபாத்தான் ஸ்டாண்டர்ட் மலேசியா நடத்தும் சாம் அங்கீகாரமும் அந்த விதியைத்தான் பார்க்கிறது. அதன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, கருவியின் பெயரோடு மென்பொருள், ஃபர்ம்வேர் பதிப்பையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. மென்பொருளில் மாற்றம் செய்தால், பயன்பாட்டுக்கு வருமுன் அதைச் சரிபார்த்து ஆவணப்படுத்தவும் சொல்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான புதுப்பிப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமான நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்றார்கள். நிதானமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆண்டுதான் காட்டியது. 1977இல் பறந்த வாயேஜர் 1 விண்கலம், 2023 நவம்பரில் புரியாத தரவுகளை அனுப்பத் தொடங்கியது. நினைவகத்தில் ஒரு சில்லு செத்துவிட்டது என்று பொறியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்த நிரல்களைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்ற ஏற்பாடு செய்து, 2024 ஏப்ரல் 18 அன்று முதல் கட்டளையை அனுப்பினார்கள். அது போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வரவும் அதே நேரம். ஏப்ரல் 20 அன்று வாயேஜர் தன் உடல்நிலையைத் தெளிவாகச் சொன்னது.

புதுப்பிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய ஃபர்ம்வேரில் இருந்த ஒரு பிழையைத் திருத்தத்தான் தம்பியும் புதுப்பித்தான். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கும் வேறு வழியில்லை. நம் வீட்டிலும் சர்க்கரை பார்க்கும் கருவி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அவற்றோடு பேசும் கைப்பேசிச் செயலி எல்லாம் வந்துவிட்டன. அம்மா அப்பாவின் மாத்திரை அளவுகூட அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவாகிறது. புதுப்பிக்கும் முன் கடைசியாகக் காட்டிய எண்களையும் இருந்த அமைப்புகளையும் எழுதி வையுங்கள், அல்லது படம் எடுத்து வையுங்கள். மின்கலம் நிறைந்திருக்கட்டும். அவசர வேலைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது 'ஆம்' அழுத்தாதீர்கள். முடிந்த பிறகு அலகும் தேதியும் நேரமும் மாறியிருக்கிறதா பாருங்கள். எண் சந்தேகமாக இருந்தால் கிளினிக்கில் ஒருமுறை ஒப்பிட்டுக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

மழை வெளுத்து வாங்கி ஓயும்போது தம்பி பத்து வரிகளையும் முடித்திருந்தான். கடைசி வரியின் கீழே புதிய பதிப்பு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு என் கருவியை எடுத்து, பொத்தானைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினான். திரை எரிந்ததும் வழக்கம்போல் அது கேட்டது: "புதுப்பிக்கவா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனிடம் பேனாவைக் கேட்டேன்.