கடனைப் பிள்ளைகள் அறியட்டும்

பிள்ளைகளின் முன்னிலையிற் கடனைப் பற்றிப் பேசலாகாதென்பது நம்மவர் பலரது இல்லங்களில் எழுதாச் சட்டமாக நிலவி வருகின்றது. சம்பள நாளன்று தந்தையின் முகஞ் சுருங்குவதையும், அடைவு வைத்த தாயின் காப்பு மாதக்கணக்காய் வீடு திரும்பாதிருப்பதையும் பிள்ளைகள் காண்கிறார்கள். காரணத்தை மாத்திரம் எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. படிக்கின்ற பிள்ளைக்கு இந்தக் கவலை எதற்கு என்ற அன்பினாலேயே பெற்றோர் மறைக்கின்றனர். அவ்வன்பு நன்மை பயக்கின்றதா என்பதையே இவ்வாரம் ஆராய விரும்புகின்றோம்.

முற்காலத்து யாழ்ப்பாணத்திற் கடன் மறைக்கக்கூடியதொன்றாய் இருந்ததில்லை. 1707ஆம் ஆண்டில், ஒல்லாந்தர் ஆட்சியிலே எழுத்துருப் பெற்ற தேசவழமை ஒற்றி முறையைக் கூறுகின்றது. காணியை ஒற்றி வைத்தால், கடன் கொடுத்தவர் அதனைத் தம் கைவசம் வைத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவை அனுபவிப்பார். தன் பாட்டன் நட்ட மாமரத்திற் பிறர் காய் பறிப்பதை வேலிக்கு இப்பால் நின்று பார்க்கும் சிறுவனுக்குக் கடனின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. பெற்றோரின் கடனுக்கு ஆண்மக்கள் பொறுப்பாவர் என்பதும் அக்கால வழக்காயிருந்தது. ஆகவே, கடன் குடும்பத்தின் பொதுச் சுமையாய் விளங்கியது.

இன்றைய வங்கி ஈடோ கண்ணுக்குத் தெரியாதது. உறுதி வங்கியில் இருக்கும். வீட்டில் நாம் இருப்போம். மரமும் காயும் நம்மிடமே இருக்கும். தவணைப் பணம் ஓசையின்றிச் சம்பளத்திற் கழிந்துவிடும். நமக்கு வீடும் வளவும் உண்டு, குறையொன்றுமில்லை என்று பிள்ளை எண்ணுவதில் வியப்பென்ன? நண்பனுடையதிலும் விலை கூடிய கைத்தொலைபேசியை அவன் கேட்பது பேராசையன்று, அறியாமையேயாகும்.

மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 10 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு 12 வீத வட்டிக்கு, 10 ஆண்டுகளிற் சமமான மாதத் தவணைகளாகத் தீர்ப்பதென்று பெற்றதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 14,347 ரூபா. முதல் மாதத்தில் 10,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலிற் குறைவது 4,347 ரூபா மாத்திரமே. முடிவிற் கட்டிய மொத்தம் 17 இலட்சத்து 21 ஆயிரம் ரூபாவைத் தாண்டும். தொடக்கம் முதலே மாதந்தோறும் 2,000 ரூபாவைக் கூடுதலாக முதலுக்குச் செலுத்தினாலோ, கடன் சுமார் 8 ஆண்டுகளிலே தீர்ந்துவிடும். ஏறக்குறைய 1 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா மிஞ்சும். அந்த 2,000 ரூபா நாளொன்றுக்கு 67 ரூபாவுக்கும் உட்பட்டதே. முன்கூட்டிச் செலுத்துவதற்குச் சில வங்கிகள் கட்டணம் அறவிடுவதுண்டாகையால், அதனை முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.

இவ்விதச் சிறு சேமிப்பு வீண் என்போர் 2022ஆம் ஆண்டை நினைந்து பார்ப்பாராக. அவ்வாண்டு ஏப்பிரிலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. மாறும் வட்டிக்குக் கடன் பெற்றிருந்தோர்க்கு அடுப்படியிலும் வங்கியிலும் ஒருங்கே சுமை ஏறியது. முதலை முன்னரே குறைத்து வைத்தவர்க்கு, வட்டி ஏறினும் ஏறுவது சிறு தொகையின் மீதேயாகும்.

ஆயின், பிள்ளைகளிடம் எங்ஙனம் சொல்வது? மாதத்தின் முதல் ஞாயிறன்று குடும்பமாக அமர்ந்து, வருவாய், தவணை, எஞ்சிய முதல் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுக. எழுதும் வேலையை மூத்த பிள்ளையிடம் விடுக. கைச்செலவுக்கு வாரந்தோறும் ஒரு தொகையை வரையறுத்துக் கொடுத்து, அதன் கணக்கைப் பிள்ளையே வைத்துக்கொள்ளச் செய்க. வாரம் முடியுமுன் காசு முடிந்தால் மறுபடி கொடுத்தல் கூடாது. அவ்விரண்டு நாட் குறைவு கற்பிப்பதை நமது நீண்ட உபதேசம் கற்பிக்காது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உன்னாலேதான் இந்தக் கடன் என்ற சொல் எக்காலத்திலும் பெற்றோர் வாயில் வரலாகாது. கடனைச் சொல்லுவது பங்காளியாக்குவதற்கேயன்றிக் குற்றவாளியாக்குவதற்கன்று. ஏழு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் அளவு வேறு, சாதாரண தர மாணவனுக்குச் சொல்லும் அளவு வேறு. மற்றையது, கடன் வாங்கி மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கை ஊர் வியக்கச் செய்யும் வீட்டிற் பிள்ளைக்குச் சிக்கனம் போதிக்க முடியாது. பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் நம் செலவையே படிக்கின்றனர்.

இறுதித் தவணை கட்டி, ஈட்டை மீட்டு, உறுதியைப் பெறச் செல்லும் நாளிற் பிள்ளைகளையும் வங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த உறுதியை அவர்கள் கையிலே கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவரச் செய்யுங்கள். அதன் பெறுமதியை அவர்கள் என்றும் மறவார்.